இரண்டாவது பெட்டியில் இருந்த முகம்

"அண்ணே, இந்தப் படத்தைக் கொஞ்சம் தெளிவாக்க முடியுமா?"

கேட்டவள் தன் போனை இரண்டு கையாலும் பிடித்து நீட்டினாள். கடைத்தெருவின் கோடியில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகம் ஒன்று உண்டு. அங்கே புதிதாகச் சேர்ந்திருப்பவள் அவள். பிள்ளைகள் அவளை அக்கா என்று கூப்பிடும். கடைத்தெரு இன்னும் எதுவும் சொல்லிக் கூப்பிட ஆரம்பிக்கவில்லை.

போட்டோ ஸ்டுடியோக்காரர் படத்தைப் பார்த்தார். அவளேதான், கையில் ஒரு கைக்குழந்தையுடன். எடுத்தவன் கை நடுங்கியிருக்க வேண்டும். இருவர் முகமும் ஈரத்துணியால் துடைத்த மாதிரி இருந்தது.

"பையனா? எங்க இருக்கான்?"

"எங்க அம்மாகிட்ட. நான் இங்க வேலைக்கு வந்துட்டேன். அவன் கைக்குழந்தையா இருக்கிறப்ப எடுத்தது இது ஒண்ணுதான் இருக்கு."

"கவலையே படாதே. பையன் கண்ணு இமை முடி ஒவ்வொண்ணா எண்ணலாம், அப்படிப் பண்ணித் தரேன்."

கடைத்தெரு இவருக்கு வைத்த பெயர் பளிச்சு. கறுத்தவரைச் சிவப்பாக்குவார், நாற்பதை முப்பதாக்குவார், தொப்பையைக் கோட்டுக்குள் மடித்து வைப்பார். முன்பெல்லாம் இதற்கு அரைநாள் ஆகும். இப்போது பிரவுசரில் திறக்கிற ஓர் இணையதளம் கிடைத்துவிட்டது. மேலே ஒரு பெட்டி. அதில் மங்கலான படத்தைப் போட வேண்டும். பக்கத்தைக் கீழே தள்ளினால் இரண்டாவது பெட்டி. அதே ஆளின் தெளிவான படம் கைவசம் இருந்தால் அதில் போடலாம், தளம் அதைப் பார்த்துக்கொண்டு முகத்தைச் சரிசெய்யும். பொத்தானை அமுக்கினால் முதலில் ஒரு விளம்பரம் ஓடும். அது முடிந்ததும் பளிச்சென்று படம் வரும். கை பழகாதவன்கூடச் செய்யலாம். பளிச்சு அதை யாரிடமும் சொல்வதில்லை. தொழில் ரகசியம்.

அவளை ஸ்டூலில் உட்காரவைத்து ஒரு படம் எடுத்தார். அதை இரண்டாவது பெட்டியில் போட்டார். பொத்தானை அமுக்கினார்.

அவள் முகம் அச்சாக வந்துவிட்டது. புருவத்தின் ஓரத்தில் இருந்த சின்ன வெட்டுத் தழும்புகூட வந்திருந்தது. அவள் தன் முகத்தைப் பார்க்கவில்லை. குழந்தையையே பார்த்தாள்.

"அண்ணே… இது என் பையன் கண்ணு இல்லையே."

"பிள்ளைங்க முகம் மாசத்துக்கு ஒண்ணும்மா. உனக்கே மறந்திருக்கும்."

"பெத்தவளுக்கு எப்படிண்ணே மறக்கும்?"

கல்லாவில் இருந்த அவர் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். பளிச்சு சிரித்து மழுப்பினார். "பிரிண்ட் போட்டா சரியா இருக்கும். சாயங்காலம் வா."

பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது என்று அவள் வேகமாகப் போய்விட்டாள். பளிச்சு அந்தப் பக்கத்தை மூடவில்லை. எப்போதுமே மூட மாட்டார். மூடித் திறந்தால் வரவேற்பு விளம்பரங்கள் வரிசைகட்டி வரும். அதற்குப் பொறுமை கிடையாது. முதல் பெட்டியில் படத்தை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருப்பார். கீழே இருக்கும் இரண்டாவது பெட்டி பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும், அதனால் அதை எட்டிப் பார்க்கிற பழக்கமும் இல்லை.

அன்று அது காலியாக இல்லை.

தெருவில் ஓர் அலறல் கேட்டது. முதலில் யாரோ விழுந்துவிட்டார்கள் என்று நினைத்தார்கள். பிறகுதான் அது பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல் என்று புரிந்தது. மொத்தத் துணிக்கடை முதலாளியின் மகள், காலில் செருப்பில்லாமல், ஒவ்வொரு கடையாக எட்டிப் பார்த்துக்கொண்டு ஓடினாள். "பாப்பாவைப் பாத்தீங்களா? மஞ்ச கவுன் போட்டிருப்பா. பாத்தீங்களா?"

நடக்கப் பழகி, இப்போது ஓடப் பழகியிருந்த குழந்தை. தாத்தாவின் கடை வாசலில் விளையாடிக்கொண்டிருந்தது. தாய் ஒரு வாடிக்கையாளருக்குத் துணி விரித்துக் காட்டித் திரும்புவதற்குள் காணவில்லை.

பிள்ளை காணவில்லை என்ற செய்தி ஒரு தெருவை எப்படி மாற்றும் என்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நிறுத்தினார்கள். தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்கள். ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கின. ஒருவரை ஒருவர் பார்க்கும் பார்வையில் காலையில் இல்லாத ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

துணிக்கடை முதலாளிதான் வியாபாரிகள் சங்கத் தலைவர். அவர் ஸ்டுடியோவுக்குள் வந்தபோது அவருக்குப் பின்னால் தெருவில் பாதி வந்தது. எதிர்க்கடையான செருப்புக்கடையின் கேமராவில் இருந்து எடுத்த ஒரு படத்தைப் போனில் நீட்டினார். தலையில் துணி போட்ட ஓர் உருவம், கையில் எதையோ அணைத்தபடி துணிக்கடையை விட்டுப் போகிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கட்டைவிரல் ரேகை மாதிரி ஒரு கறை.

"பளிச்சு, இதுல கண்ணு மூக்கு தெரியணும்."

"ஐயா, இது ரொம்ப…"

"போலீசுக்குச் சொல்லியாச்சு. அவங்க வந்து சேர்றதுக்குள்ள அவ எந்த வண்டி ஏறுவாளோ. நீ செய்."

அவள் என்று சொல்லிவிட்டார். அந்தக் கறையில் ஆணா பெண்ணா என்பதே தெரியாது. ஆனால் சொன்னவர் தலைவர். அதன்பிறகு அது அவள்தான்.

மனைவி பின்னால் இருந்து மெல்லச் சொன்னாள். "என்னங்க, அதுல ஒண்ணும் இல்ல. இதுல ஒண்ணும் எடுக்க முடியாதுன்னு சொல்லிடுங்க."

நியாயமான யோசனை. ஆனால் அந்தக் கடைத்தெருவில் யாரும் வாடிக்கையாளரிடம் இல்லை என்று சொன்னதில்லை. சரக்கு இல்லாவிட்டால் "உட்காருங்க, வருது" என்பார்கள். பக்கத்துக் கடைக்குப் பின்வாசல் வழியாக ஆள் ஓடும். கையை விரித்த வியாபாரி பாதி செத்தவன் என்று நினைக்கிற ஜனங்கள். பளிச்சும் அங்கேயே வளர்ந்தவர். அதோடு கடை நிறைய ஆட்கள், வாசலில் ஒரு தாயின் அழுகை, தோளில் தலைவரின் கை.

முதல் பெட்டியில் படத்தைப் போட்டார். கூர்மை என்று எழுதியிருந்த கோட்டில் புள்ளியைக் கடைசிவரை இழுத்துவிட்டார். அமுக்கினார்.

விளம்பரம் ஓடியது. பல் தெரியச் சிரித்தபடி ஒரு குடும்பம் சோபா வாங்கியது.

படம் வந்தது.

கண் இருந்தது. மூக்கு இருந்தது. இறுக மூடிய உதடு இருந்தது. கையில் அணைத்திருந்த பொட்டலத்தின் நுனியில், துணி மடிப்பு இருந்த இடத்தில், சின்னச் சின்னக் கால்விரல்கள்கூட இருந்தன.

"ஐயோ, பாப்பா காலு!" என்று தாய் சரிந்து விழுந்தாள்.

அதற்குப் பிறகு யாருக்கும் சந்தேகமில்லை. பத்து போன்கள் ஒரே நேரத்தில் திரையைப் படம்பிடித்தன. பளிச்சுக்கு மட்டும் அந்த முகத்தில் ஏதோ உறுத்தியது. எங்கோ பார்த்த முகம். ஆனால் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தார்கள். "பளிச்சுன்னா பளிச்சுதான்யா!" தட்டு வாங்குகிற முதுகுக்கு யோசிக்க நேரம் ஏது?

பேக்கரிக்காரர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். "ஐயா, இவளை எனக்குத் தெரியும். தெனம் என் கடையில பன் வாங்குறா. மருந்துக்கடை மாடியில பிள்ளைங்களைப் பாத்துக்குறவ."

"பிள்ளைங்களைப் பாத்துக்குறவளா!"

"ஊருக்குப் புதுசு. யாரு எவருன்னு தெரியாது. கேட்டாலும் வாய் திறக்க மாட்டா."

"அங்க என் பையன் இருக்கான்யா!" என்று கத்தியது யாரோ ஒரு தகப்பன். கூட்டம் வாசலில் முட்டிக்கொண்டு வெளியே பாய்ந்தது. போகிற வழியில் ஒருவர் இரும்புக்கடை வாசலில் கிடந்த கம்பியைக் கையில் எடுத்ததைப் பளிச்சின் மனைவி பார்த்தாள்.

கடை காலியானது. பளிச்சு படத்தைப் பெரிதாக்கினார். புருவத்தின் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டுத் தழும்பு.

பக்கத்தைக் கீழே தள்ளினார். இரண்டாவது பெட்டியில், ஸ்டூலில் உட்கார்ந்தபடி, காப்பகத்துப் பெண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க இது?" மனைவி திரையை எட்டிப் பார்த்தாள். "காலையில எடுத்த படம் இன்னும் அங்கேயேவா இருக்கு?"

"அதை எடுக்க மறந்துட்டேன்."

"அப்ப அந்த முகம்?"

"இவளோடதைப் பாத்து அது… ஒட்டிடுச்சு."

"கால்விரல்?"

"அதுவும் அதுவா போட்டதுதான். பொட்டலம் மாதிரி இருந்தா குழந்தைன்னு நினைச்சுக்கும் போல."

வாசல் வழியாகத் தெருவின் இரைச்சல் தூரமாகிக்கொண்டே போனது. பளிச்சு எழுந்தார், உட்கார்ந்தார். தலைவருக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்: 'அந்தப் படம் தப்பு. நம்பாதீங்க.' அதற்கு மேலும் கீழும் அதே முகம் வந்து விழுந்துகொண்டிருந்தது. 'பிள்ளை பிடிக்கிறவள், எல்லோருக்கும் அனுப்புங்கள்.' அவருடைய வரி மேலே மேலே போய் மறைந்தது. ஒருவர் மட்டும் பதில் போட்டார்: 'பளிச்சண்ணனை யாரோ மிரட்டுறாங்க போல. அவளுக்குப் பின்னாடி கும்பல் இருக்கு.' அதற்குக் கீழே வரிசையாகக் கோபப் பொம்மைகள்.

"அங்க போங்க," என்றாள் மனைவி.

"போய் என்னன்னு சொல்றது? என்னைத்தான் முதல்ல அடிப்பாங்க. போலீஸ் வந்துடும். வந்தா விசாரிப்பாங்க. விசாரிச்சா உண்மை தெரிஞ்சுடும்."

"போலீஸ் வரும்போது அவ உயிரோட இருக்கணும் இல்ல?"

பக்கத்தை மூடிவிட்டால் இரண்டாவது பெட்டியும் போய்விடும், யாருக்கும் தெரியாது என்ற எண்ணம் அவருக்கு ஒரு கணம் வந்தது. விரல் அங்கேவரை போகவும் செய்தது. மனைவி அந்த விரலையே பார்த்தாள். பிறகு லேப்டாப்பை மூடாமல் அப்படியே தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"நீங்க வரலைன்னா நான் போறேன்."

காப்பகத்தில் பிள்ளைகளைப் படுக்கவைக்கும் நேரம். பாய்கள் வரிசையாக விரித்திருந்தன. காப்பகத்துப் பெண் ஒரு குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். கீழே மாடிப்படி அதிர்ந்தது. இரும்புக் கதவை யாரோ உலுக்கினார்கள்.

"கதவைத் திற! பிள்ளைங்களை வெளிய விடு!"

நிர்வாகி அம்மாள் ஓடிப்போய்க் கதவின் உள்பூட்டைப் போட்டாள். அவள் கையில் இருந்த போன் துடித்துக்கொண்டே இருந்தது. எடுத்துப் பார்த்தாள். பிறகு காப்பகத்துப் பெண்ணைப் பார்த்தாள். மறுபடி போனைப் பார்த்தாள்.

ஓர் அடி பின்னால் போனாள்.

காப்பகத்துப் பெண் கதவைப் பார்க்கவில்லை, அந்த ஓர் அடியைத்தான் பார்த்தாள். கதவுக்கு வெளியே இருந்தவர்கள் யாரோ. இவள் தினமும் கூட உட்கார்ந்து சாப்பிடுகிறவள்.

"மேடம், என்ன மேடம்?"

"அந்தக் குழந்தையை என்கிட்ட குடு."

"தூங்கப் போறான் மேடம்…"

"குடுன்னு சொன்னேன்!"

குழந்தையைக் கொடுத்ததும் நிர்வாகி போனைத் திருப்பிக் காட்டினாள். காப்பகத்துப் பெண் பார்த்தாள். தன் கண். தன் உதடு. தன் புருவத் தழும்பு. யாரோ ஒருத்தியின் உடம்பில் தன் தலை.

"இது… நான்தான்," என்றாள். பொய் சொல்லத் தெரியாதவர்கள் அகப்பட்டுக்கொள்ளும் இடம் இது. "ஆனா இது நான் இல்ல மேடம்."

"காலையில நீ எங்க போயிருந்தே?"

"போட்டோக் கடைக்கு."

"துணிக்கடைப் பக்கமா?"

"ஆமா. அங்கதானே கடை இருக்கு. ஆனா நான்…"

நிர்வாகி அதற்கு மேல் கேட்கவில்லை. பிள்ளைகளைச் சுவரோரமாக ஒதுக்கினாள். அழுகை ஒன்றில் ஆரம்பித்து எல்லாப் பாய்களுக்கும் பரவியது. காப்பகத்துப் பெண் கதவையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தாள். ஜன்னலுக்குக் கீழேயும் முகங்கள், எல்லா முகங்களும் மேலே பார்த்துக்கொண்டிருந்தன, கைகளில் போன். தன்னை யாரோ தான் அறியாத நேரத்தில் எடுத்துக்கொண்டு போய் எதையோ செய்யவைத்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டார்களோ என்று அவளுக்கே ஒரு பைத்தியக்கார நினைப்பு வந்தது. படம் அவ்வளவு தெளிவாக இருந்தது.

பூட்டு கம்பியால் நெம்பப்பட்டது. கதவு திறந்தது.

பளிச்சும் மனைவியும் மாடிப்படியின் அடிக்கு வந்தபோது அவளை மேலிருந்து இழுத்து வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் கையில் அவள் தலைமுடி. இன்னொருவர் கையில் அவள் சட்டையின் தோள்பட்டை, கிழிந்து. அவள் ஒன்றும் கத்தவில்லை. படிகளில் கால் பதிக்க மட்டும் முயன்றுகொண்டிருந்தாள்.

"குழந்தை எங்கடி? சொல்லு!"

"எனக்குத் தெரியாதுங்க. சத்தியமாத் தெரியாதுங்க."

"கொஞ்சம் நில்லுங்க…" என்றார் பளிச்சு. "அந்தப் படத்துல ஒரு சின்னக் கோளாறு…" அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. பேரம் படியாத வியாபாரியின் குரல் மாதிரி இழுத்து இழுத்து வந்தது. யாரோ அவரை முழங்கையால் ஒதுக்கினார்கள். கம்பி வைத்திருந்தவர் அதைத் தோளுக்கு மேல் தூக்கினார்.

பளிச்சு என்ன செய்கிறோம் என்று யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டார். படியேறி ஓடி, அவளுக்கும் கம்பிக்கும் நடுவில் போய் நின்றார்.

"அந்த முகத்தை நான் செஞ்சேன்யா! நான் செஞ்சேன்! கேமராவுல முகமே இல்ல!"

தலைவரின் கை அவர் கன்னத்தில் விழுந்தது. "என் பேத்தியைக் காணோம். உனக்கு இவ மேல இரக்கமா?"

காது அடைத்தது. வாயில் உப்புக் கரித்தது. "அடிங்க ஐயா. அடிச்சுட்டு ஒரு தடவை பாருங்க. ஒரே ஒரு தடவை."

மனைவி லேப்டாப்பைப் படியில் வைத்தாள். தன் போனில் இருந்து இணைய இணைப்பைக் கொடுத்தாள். பளிச்சு தலைவரின் முகத்தைப் போனில் ஒரு படம் எடுத்தார். தலைவர் தடுக்க நினைப்பதற்குள் முடிந்துவிட்டது. இரண்டாவது பெட்டியில் இருந்த பெண்ணை நீக்கினார். அந்த இடத்தில் தலைவரைப் போட்டார். முதல் பெட்டியில் அதே கேமரா படம். அமுக்கினார்.

விளம்பரம் வந்தது.

சருமத்தை மினுக்கும் கிரீம் ஒன்றைப் பற்றி ஓர் அழகி சாவகாசமாகப் பேசினாள். படியில் ஒரு பெண்ணின் தலைமுடி ஒருவன் முஷ்டியில் இருந்தது. கம்பி இன்னும் தூக்கியபடியே நின்றது. அழகி கன்னத்தைத் தடவிக் காட்டினாள். எல்லோரும் காத்திருந்தார்கள், வேறு வழியில்லை. பளிச்சின் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான விளம்பரத்தை அவர் பார்த்ததில்லை.

படம் வந்தது.

துணிக்கடையில் இருந்து, தலையில் துணி போட்டுக்கொண்டு, கையில் கால்விரல் தெரியும் ஒரு குழந்தையை அணைத்தபடி, தலைவர் நடந்து போய்க்கொண்டிருந்தார். அவருடைய மீசை. அவருடைய தாடையின் மரு. தன் பேத்தியைத் தானே திருடிக்கொண்டு போகிறார்.

பேக்கரிக்காரர் ஒரு கணம் தலைவரைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டார்.

"உங்களை வேணா போட்டுப் பாக்கட்டுமா?" பளிச்சின் மனைவி அவரிடம் கேட்டாள். "யாரைப் போட்டாலும் அவங்கதான் திருடங்க. வாங்க, வரிசையா நில்லுங்க."

யாரும் வரிசையில் நிற்கவில்லை. தலைமுடியைப் பிடித்திருந்த கை தானாக விட்டது. கம்பி இறங்கியது. அதைப் பிடித்திருந்தவர் அது எப்படித் தன் கைக்கு வந்தது என்று தெரியாதவர் போலச் சுவரோரமாகச் சாய்த்து வைத்தார்.

"அப்ப… அது யாரு?" தலைவர் கேட்டார். இப்போது அவர் குரல் ஒரு தாத்தாவின் குரலாக இருந்தது.

"யாரோ ஐயா. ஆம்பளையா பொம்பளையான்னுகூடச் சொல்ல முடியாது. கையில இருந்தது குழந்தைதானான்னும் சொல்ல முடியாது."

"கையில இருந்தது குழந்தை இல்லைன்னா?" என்று இழுத்தார் தலைவர்.

பளிச்சின் மனைவிதான் அடுத்துக் கேட்டாள். "ஐயா, கடைக்குள்ள தேடினீங்களா?"

யாரும் தேடவில்லை. குழந்தை வெளியே போனதைப் படத்திலேயே பார்த்தாகிவிட்டதே, உள்ளே எதற்குத் தேடுவது?

எல்லோரும் ஓடினார்கள். கடையின் பின்னால் இருந்த கிடங்கில், சுவருக்கும் துணி மூட்டைகளுக்கும் இடையே ஒரு குறுகிய சந்து. அதில் புகுந்து விளையாடப் போயிருந்தது குழந்தை. அதே நேரத்தில் லாரியில் வந்த சரக்கைச் சுமை தூக்குகிறவர்கள் அந்தச் சந்தின் வாயிலேயே அடுக்கிவிட்டார்கள். வெளியே நடந்த கூச்சலில் உள்ளே எழுந்த அழுகை யாருக்கும் கேட்கவில்லை. மூட்டைகளை இழுத்துத் தள்ளியபோது மஞ்சள் கவுன் முதலில் தெரிந்தது. அசைவில்லை. தாய் அதைத் தொடவே பயந்து நின்றாள். தலைவர்தான் தவழ்ந்து போய்த் தூக்கினார். தலை தொங்கியது. வியர்வையில் உடம்பெல்லாம் நனைந்திருந்தது. முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். ஒரு தடவை. இன்னொரு தடவை.

பிறகு ஒரு சின்ன இருமல். கரகரத்த ஓர் அழுகை, குரலே இல்லாமல்.

"இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா…" என்று ஆரம்பித்த மருந்துக்கடைக்காரர், தாயின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மாலையில் காவல் நிலையத்துக்கு ஒரு வேன் டிரைவர் தானாகவே வந்தார். கேமராவில் தெரிந்த உருவம் அவர்தான். வெயிலுக்குத் தலையில் துண்டு போட்டிருந்தார். கையில் இருந்தது வண்டி ஜன்னலுக்கு வாங்கிய திரைத்துணி. தன் உடம்பில் ஒரு பெண்ணின் முகத்தைப் போனில் பார்த்ததும் நேரே கிளம்பி வந்திருந்தார். "என் முகம் வந்திருந்தா என்னையும் முடிச்சிருப்பீங்கல்ல?" என்று எல்லோரையும் பார்த்துக் கேட்டார்.

காப்பகத்துப் பெண் பெஞ்சின் ஓரத்தில், கிழிந்த தோள்பட்டையைக் கையால் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளை இழுத்து வந்தவர்களின் பெயர்களை அதிகாரி எழுதிக்கொண்டார். பளிச்சு கேட்காமலே முன்னால் வந்தார்.

"என்னையும் எழுதிக்குங்க சார். அவங்க கையால அடிச்சாங்க. அடிக்கிறதுக்கு ஒரு முகத்தை நான் செஞ்சு குடுத்தேன்."

தலைவர் அவளுக்கு எதிரே வந்து நின்றார். வேண்டியதைச் செய்வதாகச் சொன்னார். நல்ல வேலை, நல்ல வீடு என்று ஆரம்பித்தார். பழக்க தோஷம், எதற்கும் ஒரு விலை படியும் என்று நம்பிப் பழகியவர்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாங்க," என்றாள் அவள். "அந்தப் படத்தை எல்லார் போன்ல இருந்தும் எடுத்துக் குடுங்க. அது போதும்."

தலைவர் தலைகுனிந்தார். அது ஒன்றுதான் அவரால் முடியாதது. படம் ஊரைத் தாண்டிப் போயிருந்தது. அடுத்த ஊரிலும் அதற்கு அடுத்த ஊரிலும் யாரோ ஒரு தாய் அதைப் பார்த்துத் தன் பிள்ளையை இறுக்கிக்கொண்டிருப்பாள்.

"நாளைக்கு நான் என் பையனைப் பாக்க ஊருக்குப் போகணும்," என்றாள் அவள். "பஸ்ல போகணும். பிள்ளையைத் தூக்கிட்டு வெளிய நடக்கணும். எப்படிண்ணே நடப்பேன்?"

பளிச்சைப் பார்த்துத்தான் கேட்டாள். திட்டவில்லை. உண்மையாகவே கேட்டாள்.

சில நாட்கள் கழித்து, பளிச்சின் கன்னத்து வீக்கம் வற்றிய பிறகு, செருப்புக்கடைக்காரர் ஸ்டுடியோவுக்கு வந்தார். அவருடைய ஸ்கூட்டரை யாரோ கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள். கையில் போன்.

"அண்ணே, ஆள் பின்னாடி திரும்பி ஒரு செகண்ட் பாக்குறான். கொஞ்சம் மங்கலா இருக்கு. நீங்க தட்டினா வந்துடும்."

பளிச்சு வாங்கிப் பார்த்தார். ஒரு கறை. திருப்பிக் கொடுத்தார்.

"இதை அப்படியே போலீஸ்ல குடு."

"என்னண்ணே, மிஷின் இருக்குல்ல? கையை விரிக்கிறீங்க?"

"மிஷினுக்குக் கையை விரிக்கத் தெரியாதுப்பா. எதைக் குடுத்தாலும் ஒரு முகத்தைப் போட்டுத் தந்துடும். அது யாரோட முகம்னு அதுக்குக் கவலை இல்ல. கல்யாணப் படத்துக்கு அது பரவாயில்ல. ஒரு ஆளைப் பிடிக்கிறதுக்கு அதை நம்பினா, நாம பிடிக்கிறது திருடனை இல்ல, மிஷினோட கற்பனையை. அடி மட்டும் நிஜமான ஆள் மேல விழும்."

செருப்புக்கடைக்காரர் போனைப் பையில் போட்டுக்கொண்டார். போவதற்கு முன், தயங்கிக் கேட்டார்: "அந்தப் பொண்ணு திரும்ப வேலைக்கு வந்துச்சா?"

"வரல," என்றாள் கல்லாவில் இருந்து மனைவி. "ஊருக்குப் போகும்போது முகத்தை மூடிக்கிட்டுத்தான் பஸ் ஏறினா. தப்பு பண்ணினவங்க நாம எல்லாம் முகத்தைத் திறந்துக்கிட்டுத்தான் திரியறோம்."